செயற்கைப் புல் விரிக்கப் போறீங்களா? முதல்ல கீழே இருக்கிற களிமண்ணைக் கவனிங்க!

புதுவீடு கட்டி முடிச்சவங்க எல்லாருக்கும் வர்ற ஆசைதான். வாசற்படிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே கிடக்கிற அந்தப் பத்துக்கு இருபது இடத்தைப் பச்சைப் பசேல்னு பார்க்கணும். தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒரே நாளில் வேலை முடிஞ்சிடும் என்று சொன்னால் மனசு செயற்கைப் புல் பக்கம்தான் சாயும்.

என் அக்காவும் அப்படித்தான் சாய்ந்தாள். தாம்பரத்தைத் தாண்டி, சில வருடங்களுக்கு முன்பு வரை நெல் விளைந்த இடத்தில் அவள் வீடு. ஆவணியில் கிரகப்பிரவேசம், புரட்டாசியில் புல் விரித்தாகிவிட்டது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அதில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழை வந்தது. காலை வைத்தால் 'சளக்'. மழை விட்டு நாலு நாளாகியும் 'சளக்'. கார்த்திகையில் வீட்டுக்குள் சாக்கடை வாடை அடிக்க ஆரம்பித்தது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், கீழே பாலித்தீன் ஷீட். அதன்மேல் கறுப்பாகத் தேங்கிய தண்ணீர், அதில் நெளியும் கொசுப்புழுக்கள்.

புல் போட்டவர்களுக்கு போன் செய்தபோது கிடைத்த பதில்: "புல்லுல ஓட்டை இருக்கே மேடம், தண்ணி தானா இறங்கிடும்."

இறங்கும்தான். ஆனால், இறங்கி எங்கே போகும்? செயற்கைப் புல் வாங்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான பதில்தான்.

புல்மேல தப்பில்ல... மண்மேலயும் தப்பில்ல!

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் மைதானம் 1965-ல் திறக்கப்பட்டது. கண் கூசுகிறது என்று கூரைக்குப் பெயின்ட் அடித்ததும் வெளிச்சம் குறைந்து உள்ளே இருந்த புல் செத்துப்போனது. அதற்குப் பதிலாக 1966-ல் அங்கே விரிக்கப்பட்டதுதான் 'ஆஸ்ட்ரோடர்ஃப்'. அதாவது, செயற்கைப் புல் பிரபலமானதே வெயில் இல்லாத இடத்துக்கான தீர்வாகத்தான். தண்ணீர் வடியாத இடத்துக்கான தீர்வு அது இல்லை. இன்றைக்கு நம்ம பசங்க இரவில் போய் கிரிக்கெட் ஆடும் 'டர்ஃப்' ஆகட்டும், ஹாக்கி மைதானம் ஆகட்டும், நன்றாகப் போடப்பட்டவற்றில் பாதி வேலை புல்லுக்குக் கீழேதான் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது மட்டும் அந்தப் பாதியை விட்டுவிடுகிறோம்.

களிமண் ஏன் தண்ணீரை விடுவதில்லை? அதன் துகள்கள் மிக மிக நுண்ணியவை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். மணலில் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். களிமண்ணில் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான்.

அதோடு, மனைக்கு முன்பு அந்த இடம் வயலாக இருந்திருந்தால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு ஓட்டி, அடிமண்ணை இறுக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நிற்கட்டும் என்று தயார் செய்த மண் தண்ணீரை நிறுத்துகிறது. அதைக் குறை சொல்லி என்ன பயன்?

வீடு கட்டும்போது நாம் இன்னும் கெடுக்கிறோம். ஜே.சி.பி., ஜல்லி லாரி, ரெடிமிக்ஸ் வண்டி எல்லாம் ஏறி இறங்கி மண் கல்லாகிவிடுகிறது. மேல்மண் போய்விடுகிறது. உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, கழுவி ஊற்றிய சிமென்ட் பால் எல்லாவற்றையும் போட்டு மூடி, மேலே ஒரு லோடு மண்ணைப் பரப்பி 'லெவல்' பண்ணிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க அழகான தரை, உள்ளே குப்பைத்தொட்டி.

சென்னையை எடுத்துக்கொண்டால் திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கான மண். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கமெல்லாம் களிமண். திருவான்மியூர் நண்பர் வீட்டில் வெறும் தரையில் விரித்த புல் நன்றாக இருக்கிறதே என்று விருகம்பாக்கத்தில் அதே மாதிரி செய்தால் சரிப்படாது. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் இன்னும் ஒரு படி மேலே. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே போட்ட எதையும் தூக்கி இறக்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பத்துக்கு இருபது என்றால் 200 சதுர அடி. அதில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,860 லிட்டர் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு 10 சென்டிமீட்டர் ஒன்றும் அதிசயம் இல்லை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது.

அந்த 10 சென்டிமீட்டரைக் களிமண் குடித்து முடிக்க, மணிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் 20 மணி நேரம் ஆகும். 1 மில்லிமீட்டர்தான் என்றால் 100 மணி நேரம், அதாவது நாலு நாளுக்கு மேல். அக்கா வீட்டு 'சளக்' கணக்கு சரியாக வருகிறதா?

இதைவிடப் பெரிய கணக்கு மொட்டை மாடியில் இருக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் அதே மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர் பைப் உங்கள் புல்தரை ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தால், நீங்கள் எவ்வளவு நல்ல புல் வாங்கினாலும் வீண். அந்த பைப்பைத் திருப்பி மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆகிவிட்டது. பல வீடுகளில் குழி பெயருக்குத்தான் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

செலவே இல்லாத இரண்டு டெஸ்ட்

*பாட்டில் டெஸ்ட்:* ஓர் அடி ஆழத்திலிருந்து மண் எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்து, மேலே கொழகொழவென்று தடித்த அடுக்கு வந்தால் உங்கள் மண்ணில் களி அதிகம்.

*குழி டெஸ்ட்:* ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். முதல் நாள் தண்ணீர் நிரப்பி ஊற விடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஸ்கேலை வைத்து மணிக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

- மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால், ஜல்லிப் படுகை மட்டும் பெரும்பாலும் போதும்.
- அதைவிடக் குறைவு என்றால் ஜல்லியோடு வடிகால் பைப்பும் வேண்டும்.
- மறுநாள் வரை தண்ணீர் அப்படியே நின்றால், தண்ணீரை வெளியே கொண்டுபோக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புல்லைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

தோட்டத்தில் ஒரே இடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் நிரப்பிய மண், இன்னொரு பக்கம் பழைய வயல் மண் என்று இருக்கலாம்.

வெளியே போக வழி இருக்கா?

இதுதான் பலரும் பார்க்காத இடம். வடிகால் பைப் உங்கள் தரைமட்டத்திலிருந்து ஓர் அடிக்கும் கீழே ஓடும். சரிவையும் சேர்த்தால், தெரு மழைநீர்க் கால்வாயின் மட்டம் உங்கள் தரையைவிடக் குறைந்தது ஒன்றரை அடியாவது தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் தானாகப் போகும். மேஸ்திரியை டியூப் மட்டம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போன தெருக்களில், நீங்கள் போடும் பைப் வழியாகத் தெருத்தண்ணீர்தான் உள்ளே வரும்!

வழி இல்லை என்றால்? களிமண் பகுதிகளுக்குச் சாதாரணக் கசிவுநீர்க் குழி போதாது. குழியின் அடியில் 6 முதல் 12 அங்குல விட்டத்தில், 10 முதல் 15 அடி ஆழத்துக்குத் துளை போட்டு, உடைத்த செங்கல் நிரப்பும் முறை இருக்கிறது. களிமண் அடுக்கைத் தாண்டி நீர் இறங்கும் அடுக்கைத் தொட்டால்தான் அதற்கும் பலன். மாடித் தண்ணீருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால், நாய் சிறுநீர் கழிக்கும், ஃபினாயில் ஊற்றிக் கழுவும் புல்தரைத் தண்ணீரைக் கிணற்றுக்கோ, நிலத்தடி நீர் செறிவூட்டும் குழிக்கோ விடாதீர்கள். நாளைக்கு மோட்டார் போட்டு அதைத்தான் நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் எடுக்கப் போகிறீர்கள்.

கழிவுநீர் மேன்ஹோலில் இணைப்பதும் கூடாது. மழைத் தண்ணீர் சேர்ந்தால் அது நிரம்பி யார் வீட்டு பாத்ரூமில் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. சின்ன தொட்டி கட்டி மோட்டார் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால், கனமழை அன்றைக்குத்தான் கரன்ட் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, எப்படிப் போடணும்?

வழி இருக்கிறது என்று உறுதியானால், களிமண் தரைக்கான வரிசை இது.

1. காத்திருங்கள். முடிந்தால் புதுவீட்டில் ஒரு மழைக்காலம் கழியட்டும். நிரப்பிய மண் எங்கே அமுங்குகிறது, தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். போனில் படம் எடுத்து வையுங்கள். வேலையைத் தை முதல் சித்திரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் களிமண்ணில் வெட்டினால் சேற்றுழவு ஓட்டிய மாதிரி இன்னும் இறுகிவிடும்.

2. வெட்டுங்கள். சுமார் 6 அங்குல ஆழம். கட்டடக் கழிவு முழுவதையும் எடுத்துவிடுங்கள். குழியின் அடித்தரையே வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். பத்து அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலச் சரிவு போதும்.

3. பைப். தாழ்வான ஓரத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. பைப் பதித்து, சுற்றிலும் ஜல்லி போட்டு, ஜியோடெக்ஸ்டைல் துணியால் சுற்றிவிடுங்கள். அதன் வாய் வெளியே கால்வாயில் திறக்கட்டும்.

4. துணி. வெட்டிய தரை முழுக்க ஜியோடெக்ஸ்டைல். தண்ணீரை விடும், சேற்றை விடாது. இது இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் களிமண் மேலேறி, ஜல்லி கீழே புதைந்துவிடும். இந்த இடத்தில் யாராவது பாலித்தீன் ஷீட்டோ தார்ப்பாயோ கொண்டுவந்தால் வேலையை நிறுத்துங்கள். 'களை வராது சார்' என்பார்கள். களை வராது, தண்ணீரும் போகாது.

5. ஜல்லி. முக்கால் ஜல்லியும் அரை ஜல்லியும் கலந்து 5 அங்குலம், அதன்மேல் கால் அங்குல சிப்ஸ் 1 அங்குலம். ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டோ, மெஷின் வைத்தோ இறுக்க வேண்டும். கிரஷர் தூளைத் தடிமனாகப் போட்டால் பார்க்கச் சமமாக இருக்கும். ஆனால், நனைந்து இறுகி இன்னொரு களிமண் ஆகிவிடும்.

6. ஓரம். செங்கல் அல்லது சிமென்ட் ஓரம் கட்டுங்கள்; புல்லின் விளிம்பை அதில்தான் ஒட்ட வேண்டும். தாழ்வான பக்கத்து ஓரத்தில் தண்ணீர் போக இடைவெளி விடுங்கள்.

7. புல். மேலே இன்னொரு துணி, அதன்மேல் புல். எல்லா ரோலிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இணைப்பில் டேப்பும் பசையும் சரியாக இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு ஜல்லி? கற்களுக்கு நடுவே தோராயமாக மூன்றில் ஒரு பங்கு காலி இடம் இருக்கும். 6 அங்குலப் படுகை சுமார் 5 சென்டிமீட்டர் மழையை, அதாவது நம் 200 சதுர அடியில் 900 லிட்டருக்கு மேல், உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். கொட்டியது 1,860 லிட்டர். மீதியை பைப் வெளியே எடுத்துப்போகும். ஜல்லி வாங்கி வைக்கும் பாத்திரம், பைப் அதன் வாய். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடக்காது.

ஒரு எச்சரிக்கை: தரையை உயர்த்தினால் போதுமே என்று வீட்டு பேஸ்மென்ட்டை மூடும்படி மண்ணோ ஜல்லியோ ஏற்றாதீர்கள். சுவரில் ஓதம் ஏறும், கரையானுக்குப் பாதை கிடைக்கும். பேஸ்மென்ட் மட்டத்துக்கு அரை அடியாவது கீழே நிற்கட்டும். பக்கத்து மனைக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் சரிவும் வேண்டாம். புல் பத்து வருடம்கூட வராது, பக்கத்து வீட்டு மனஸ்தாபம் அதைத் தாண்டியும் நிற்கும்.

கடையில் என்ன பார்க்கணும்?

- சாம்பிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்பக்கத் துளைகள் முழுதாகத் திறந்திருக்கின்றனவா? ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உடனே இறங்க வேண்டும்.
- பின்பூச்சு லேடெக்ஸா, பாலியூரித்தேனா என்று கேளுங்கள். எப்போதும் ஈரம் இருக்கும் இடத்துக்குப் பாலியூரித்தேன் தாங்கும்.
- வீட்டுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் உயரம் போதும். நாய் வளர்ப்பவர்கள் உயரம் குறைந்ததை எடுங்கள், கழுவ எளிது.
- மத்தியான வெயிலில் சாம்பிளை ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கோடை வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம்தான் தணியும். சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் வீடு என்றால் நிழல் இருக்கும் பக்கத்தில் மட்டும் போடுங்கள்.
- புல்லுக்கு நடுவே தூவ ரப்பர் துகள் வேண்டாம். நுண்பிளாஸ்டிக் காரணமாக ஐரோப்பிய யூனியன் 2023-ல் அதற்குத் தடை கொண்டுவந்து, மைதானங்களுக்கு 2031 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு சிலிக்கா மணலே போதும்.
- கொட்டேஷனில் மண் வேலை, ஜல்லி, பைப், புல் நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 'சதுர அடிக்கு இவ்வளவு, எல்லாம் அடக்கம்' என்றால் அதில் எது அடங்கவில்லை என்று கேளுங்கள்.

புல்தான் வேணுமா?

தண்ணீர் வெளியே போக வழியே இல்லாத மனை என்றால், நேர்மையான பதில்: செயற்கைப் புல் வேண்டாம். தண்ணீரை விரும்பும் செடிகளை அந்தப் பள்ளத்தில் வையுங்கள். கல்வாழை, வெட்டிவேர், சேப்பங்கிழங்கு, தரையில் படர வல்லாரை. இவை ஈரக் களிமண்ணுக்குக் கோபித்துக்கொள்ளாது. நிஜப் புல்தான் ஆசை என்றால், மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணால் தரையை அரை அடி உயர்த்தி, சரிவு கொடுத்து அருகம்புல் வகை போடலாம். ஜிப்சம் போட்டால் களி இளகும் என்று யாராவது சொன்னால் உடனே மூட்டை வாங்காதீர்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணில்தான் அதனால் பலன். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்துத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அக்கா என்ன செய்தாள்? தை பிறந்ததும் எல்லாவற்றையும் உரித்துப் போட்டாள். குழி டெஸ்ட்டில் வாசல் பக்கம் சுமாராக இருந்தது, மூலைப் பக்கம் மோசம். தெருக் கால்வாய் நல்ல ஆழத்தில் இருந்தது அவள் அதிர்ஷ்டம். வாசல் ஓரம் எட்டுக்குப் பத்து இடத்தில் மட்டும் ஜல்லி, பைப், துணியோடு மறுபடி அதே புல்லைக் கழுவி விரித்தாள். மூலையில் கல்வாழையும் வல்லாரையும். மாடி பைப்பைச் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிட்டாள். மொத்தச் செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான் போனது என்று இன்றைக்கும் புலம்புவாள்.

ஆனால், அடுத்த கார்த்திகையில் நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலை, அவள் மகன் அதே புல்லில் பந்து ஆடிக்கொண்டிருந்தான். 'சளக்' சத்தம் இல்லை. காம்பவுண்டுக்கு வெளியே பைப் வாயிலிருந்து மட்டும் தெளிந்த தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

நீங்களும் ஆர்டர் கொடுக்கும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "தண்ணி இறங்கி எங்கே போகும்?" விரலால் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டிப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.